ஏழாவது படியில் மாற்று உண்டு

"நீங்க போட்ட கையெழுத்துக்கு நான் படியில உட்காரணுமா மாமா? சொல்லுங்க. பத்து வருஷத்துக்கு நீங்க நீட்டிக் கொடுத்த கையெழுத்துக்கு என் இடுப்பு ஒடியணுமா?"

"கத்தாதம்மா. கதவெல்லாம் திறந்திருக்கு."

"திறந்தே இருக்கட்டும். வேற கம்பெனிக் கம்பிதான் உள்ள வரக்கூடாது. என் சத்தம் வெளிய போகலாமில்ல? இல்ல அதுக்கும் ஒப்பந்தம் இருக்கா?"

"ஒப்பந்தத்தைப் பத்திப் பேசாத. அஞ்சாவது பாரா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? கனவுல வந்து மிரட்டுற பாரா அதுதானே!"

கதவுகள் திறந்துதான் இருந்தன. அந்தக் கட்டடத்தில் பதினாறு வீடு. சண்டை என்றால் பதினாறும் அரை அடி திறக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களும் உண்டு. இரண்டாம் மாடி டெய்லர் அக்கா மட்டும் அப்படியெல்லாம் ஒளிந்து கேட்கமாட்டார். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையும் கையுமாக நேராகவே படியேறி வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

கத்திக்கொண்டிருந்தது நாலாம் மாடி மருமகள். கட்டடம் அவளுக்கு வைத்த பெயர் ஹெட்போன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காதில் அந்த வளையத்தை மாட்டியபடியே பார்த்தவர்களுக்கு அவளுடைய நிஜப் பெயரைத் தெரிந்துகொள்ள அவசியமே ஏற்படவில்லை. அவள் வேலை அப்படி. எங்கேயோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு வாயால் பேசிப் பதிவு செய்வார்கள். அந்தப் பேச்சு கம்பி வழியாக இவள் காதுக்கு வரும். இவள் கேட்டதைக் கேட்டபடி தட்டி, பத்து நிமிடத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஓர் எழுத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் யாருடைய வலது கிட்னியோ இடது கிட்னியாகிவிடும். ஆறு வருடத்தில் அவள் அப்படி ஒரு கிட்னியைக்கூட இடம் மாற்றியதில்லை.

எதிரே நின்றவர் மாமனார். அவருக்குக் கட்டடத்தில் பெயர் செக்ரட்டரி. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைக்குப் போகும் சீட்டில்கூட "மேற்படி சோப்பு இரண்டு" என்று எழுதுகிறவர்.

சண்டை இதுதான். கட்டடம் புதிதாக எழும்பிய காலத்தில், அந்த முட்டுச்சந்துக் கோடிக்கு எந்தக் கம்பெனியும் கம்பி இழுத்து வரத் தயாராக இல்லை. செக்ரட்டரி நடையாய் நடந்து ஒரு கம்பெனியைப் பிடித்தார். அவர்கள் வந்தார்கள்; குழாய் பதித்தார்கள்; வாசல் சுவரில் தங்கள் பெயரை ஆள் உயரத்துக்குப் பச்சையில் எழுதிக்கொண்டார்கள். பதிலுக்கு ஐந்தாவது பாரா: பத்து வருடத்துக்கு வேறு எந்தக் கம்பெனியின் கம்பியும் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. ஆறு வருடம் ஓடிவிட்டது. இன்னும் நாலு.

பச்சைக் கம்பெனியின் கம்பி நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் தூங்கும். போட்டிக்கு ஆள் இல்லாத கடைக்காரன் எதற்குத் தராசைத் துடைக்கப் போகிறான்? அன்றைக்குக் காலை பதினொன்று பத்துக்கு, ஒரு இதய டாக்டர் பேசிக்கொண்டிருந்த நடு வாக்கியத்தில், லைன் போய்விட்டது. போன வாரமும் இப்படித்தான் போனது. மூன்றாவது தடவை போனால் சீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் சொல்லியாயிற்று. அந்த வேலை போனால் பிறகு அவளுக்கு அந்த மூன்று அறைகளும் மாமனாரின் ரேடியோவும்தான்.

அவளுக்கு இருந்த ஒரே போக்கிடம் படிக்கட்டு. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே பதினாறு படி. அதில் ஏழாவது படிக்கு நேரே ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்கு நேரே, இரண்டு தெரு தள்ளி, தண்ணீர்த்தொட்டி மேல் இன்னொரு கம்பெனியின், மஞ்சள் கம்பெனியின், கோபுரம். ஆறாவது படியில் அவள் போனில் மஞ்சள் சிக்னல் ஒரு கோடு. எட்டாவதில் அதுவும் இல்லை. ஏழாவதில் மட்டும் நாலு கோடு! லைன் போகும்போதெல்லாம் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடி வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"கம்பெனிக்குப் போன் போட்டியா?" என்றார் டெய்லர் அக்கா.

"போட்டேன்க்கா. அங்க ஒரு பொண்ணு தேன் மாதிரிப் பேசுது. 'உங்களுடையது சலுகை இணைப்பு மேடம், சலுகை இணைப்புக்கு எழுபத்திரண்டு மணி நேரம்'னு சொல்லுது."

"அதென்ன சலுகை?"

"எங்க வீட்டுக்கு மட்டும் காசு கிடையாதுக்கா" என்று ஹெட்போன் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் ஜன்னலைப் பார்த்தார். ஆறாவது பாரா என்று ஒன்று இருந்தது: செயலாளர் வீட்டுக்கு மட்டும் இணைப்பு இலவசம். அதுவரை கட்டடத்துக்கு அது தெரியாது. அரை அடி திறந்திருந்த கதவுகள் அன்றைக்கு முக்கால் அடி திறந்தன.

"இலவசம்னா வரிசையில கடைசியா நிக்கணும் போல" என்று டெய்லர் அக்கா பொதுவாகச் சொல்லிவிட்டு, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே இறங்கினார். போகிற போக்கில் திரும்பி, "போட்டி ஆணையம்னு ஒண்ணு இருக்காம். ஒரே கம்பெனி எல்லாரையும் பிடிச்சு வச்சிருந்தா அங்க புகார் கொடுக்கலாமாம். எங்கிட்ட சட்டை தைக்கற ஒருத்தர் அங்கதான் ஃபைல் தூக்குறார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நெருப்பை வைத்துவிட்டு நகர்வதில் அந்த அக்காவுக்கு இணை கிடையாது.

புருஷனைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் டயர் கடையில் கணக்கில்லாமல் காற்றடிக்கிறவர். வீட்டில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. அன்று மாலை அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, அடுத்த தெருவுல அந்த மாடி வீடு வாடகைக்கு வருதாம். மூணு கம்பெனிக் கம்பி தொங்குது அந்த வீட்டு வாசல்ல. பச்சை, மஞ்சள், ஊதா. மூணு!"

மற்ற பெண்கள் மாமரம் வைத்த வீடு, மொட்டை மாடி வைத்த வீடு என்று ஆசைப்படுவார்கள். இவள் சமையலறை ஜன்னல் வழியாக அந்த வீட்டு வாசலில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தாள். கம்பி எண்ணுவது என்றால் வேறு என்ன அர்த்தம் என்பது தெரிந்ததுதான். அவள் நிலைமைக்கு அந்த அர்த்தமும் பொருந்தியது.

"அப்பா தனியா இருப்பாரே" என்றார் புருஷன்.

பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் அவள் ஏழாவது படியில் உட்கார்ந்து ஆணையத்தின் புகார்ப் படிவத்தைத் திறந்தாள்.

இருபத்திரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கு எழுதுவதுபோலவே ஒழுங்காகப் பதில் எழுதினாள். பதினாலாவது கேள்வி இப்படி இருந்தது: "தற்போதைய சேவை தடைபடும்போது தங்களுக்கு மாற்று உண்டா? உண்டு / இல்லை." வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்று குத்திவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதியே சோறு தின்கிற கை அது. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? ஏழாவது படியில். எதில் இந்தப் படிவம் ஓடுகிறது? மஞ்சள் கம்பெனியில். "உண்டு" என்று குத்தினாள். கீழே கொடுத்திருந்த கட்டத்தில் "நாலாம் மாடிப் படிக்கட்டு, கீழிருந்து ஏழாவது படி" என்று விவரமும் எழுதினாள். அவளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. எதிர்த்தரப்பு ஒன்று: பச்சைக் கம்பெனி. எதிர்த்தரப்பு இரண்டு: குடியிருப்போர் சங்கம், அதன் செயலாளர் மூலமாக. பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய செக்ரட்டரி கூடத்தில் நின்றே படித்தார். முகம் சிவந்தது. ஆனால் நோட்டீஸின் தாள், முத்திரை, எண் போட்ட பத்திகள் இதையெல்லாம் பார்த்து உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. ஓய்வு பெற்று எட்டு வருடத்தில் அவருக்கு வந்த முதல் அரசாங்கக் காகிதம்.

"எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்துகிட்டு எனக்கே நோட்டீஸ்!" என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள்தான் சங்கடம் முளைத்தது. பதிலைத் தட்டச்சு செய்து அனுப்பவேண்டுமாம். வீட்டில் தட்டத் தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான்.

"எழுதும்மா. 'மனுதாரர் கூறுவது முழுப் பொய்.'"

அவள் தட்டினாள்.

"முழுப் பொய்னு போட்டுட்டியா?"

"சொன்னீங்க, போட்டாச்சு."

"கோபம் ஒண்ணும் இல்லையே?"

"அதையும் போடணுமா மாமா?"

அவர் கனைத்துக்கொண்டார். "'மேற்படி மனுதாரர் மேற்படி படிக்கட்டில் உட்கார்ந்து எந்தக் குறையும் இல்லாமல் வேலை பார்த்து வருகிறார்.'"

விரல்கள் நின்றன. "எந்தக் குறையும் இல்லாமலா?"

செக்ரட்டரி அவளைப் பார்த்தார். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "'சிறிது முதுகு வலி நீங்கலாக'ன்னு சேர்த்துக்கோ" என்றார்.

சேர்த்துக்கொண்டாள். ஓர் எழுத்து மாற்றவில்லை. தனக்கு எதிரான பதிலைத் தானே பிழையில்லாமல் தட்டி, இரண்டு பிரதி எடுத்து, உறையில் போட்டு ஒட்டியும் கொடுத்தாள். அவளுக்கு அதுதான் பழக்கம்.

அப்புறம் ஒரு நாள் ஆணையத்திலிருந்து நேரில் பார்வையிட ஓர் அதிகாரியம்மா வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் சிக்னல் அளக்கும் கருவி. கம்பெனி சார்பில் லைன்மேன் வந்திருந்தார். தோளில் ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் ஏணியோடுதான் வந்தார். படிக்கட்டில் கூட்டம். டெய்லர் அக்கா இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தானும் ஏதோ அளக்க வந்தவர்போல நின்றார்.

"முதல்ல இந்தக் கட்டடம் ஒரு தனிச் சந்தையா இல்லையான்னு பார்க்கணும்" என்றார் அதிகாரியம்மா.

"இது குடியிருக்கற இடங்க. சந்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி" என்றார் டெய்லர் அக்கா.

அதிகாரியம்மா அதைக் காதில் வாங்காமல் படியேறினார். ஐந்து, ஆறு, ஏழு. கருவி கீச்சென்று கத்தியது. நாலு கோடு.

"ஒரே கம்பெனி உங்களைப் பிடிச்சு வச்சிருக்குன்னு புகார். ஆனா பதினாலாவது கேள்விக்கு மாற்று 'உண்டு'ன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே?"

"அது படியில வருது மேடம். வீட்ல வரல."

"உண்டா இல்லையாங்கறதுதான் கேள்வி. வசதியா இருக்காங்கறது கேள்வி இல்ல."

"அப்போ 'இல்லை'ன்னு மாத்திக் கொடுத்துடறேன்."

"ஏன், இப்ப இங்க சிக்னல் இல்லாம போயிடுச்சா?"

ஹெட்போன் கருவியைப் பார்த்தாள். நாலு கோடு. பதினாறு வீட்டு ஜனமும் அவள் வாயைப் பார்த்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய் போதும்.

"இருக்கு மேடம்" என்றாள்.

டெய்லர் அக்கா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது.

தீர்ப்பு தபாலில் வந்தது. செக்ரட்டரி அதைக் கூடத்தில் உரக்கப் படித்தார். "மேற்படி படிக்கட்டின் ஏழாவது படியில் போட்டிச் சேவை கிடைப்பது மனுதாரராலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதால், இதை ஏகபோகம் என்று கருத இயலாது. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. எனினும், மேற்படி ஏழாவது படியில் மாற்றுக் கம்பெனியின் சேவை மனுதாரருக்குத் தொடர்ந்து கிடைப்பதை எதிர்த்தரப்பு இரண்டு உறுதி செய்ய வேண்டும்."

ஜெயித்தவர் குதிக்க வேண்டும். செக்ரட்டரி குதிக்கவில்லை. உத்தரவு என்று ஒன்று வந்துவிட்டால் அதை நிறைவேற்றுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஆள் அவர். மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏழாவது படிக்கு ஒரு ப்ளக் பாயிண்ட் இழுத்தார். கைப்பிடியில் மடக்கும் பலகை ஒன்றை அடித்தார். ஒரு மெத்தைத் துண்டு. சுவரில் தன் கையெழுத்தில் ஓர் அட்டை: "ஏழாவது படி. ஆணைய உத்தரவுப்படி. மேற்படி இடத்தில் பை, செருப்பு வைக்காதீர்."

அன்றிலிருந்து ஹெட்போனின் ஆபீஸ் அதுதான். வீட்டு லைனை நம்பி இன்னொரு தடவை கட் ஆக விடுவதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை. காலை ஒன்பதுக்கு வந்து உட்கார்ந்தால் ஆறுக்குத்தான் எழுந்திருப்பாள். சிலிண்டர் வந்தால் எழுந்து வழிவிட வேண்டும். யாராவது கட்டில் மாற்றினால் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். மூன்றாம் மாடியம்மா கடக்கிற ஒவ்வொரு தடவையும், "இன்னைக்கு எத்தனை கிட்னிம்மா?" என்பார். எப்போதும் அங்கேயே இருக்கிறாள் என்று வீட்டுச் சாவிகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகவும் ஆரம்பித்தார்கள். ஏழெட்டு வீட்டுச் சாவி அவள் மடியில் கிடந்தது. எந்தக் கதவையும் திறந்துகொண்டு உள்ளே போகலாம். அவளால்தான் அந்தப் படியை விட்டுப் போக முடியாது.

"என்னங்க, அந்த மூணு கம்பி வீடு இன்னும் காலியாத்தான் இருக்காம்" என்று மறுபடியும் கேட்டுப் பார்த்தாள்.

"இங்கதான் படியில நல்லா வருதே" என்றார் புருஷன். ஆணையம் சொன்னதையே அவரும் சொன்னார். அவருக்கு முத்திரை மட்டும்தான் இல்லை. ஆணையத்திலும் அதே பதில், வீட்டிலும் அதே பதில். அவள் ஒரு தடவை உண்மையைச் சொன்னாள். அந்த உண்மையை வைத்தே எல்லாரும் அவளைக் கட்டிப்போட்டார்கள்.

இரண்டு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது: "அன்பு வாடிக்கையாளரே! இணைப்பு வெற்றிகரமாக நிறைவடைந்தது. இனி நாம் ஒரே குடும்பம்."

வீட்டு லைனுக்குப் புதுக் கம்பி மாற்றச் சொல்லி அவள் எழுதிப் போட்டிருந்த புகார் பச்சைக் கம்பெனியில் பதினொரு வாரமாகக் கிடந்தது. இணைப்பு நிறைவடைந்தது என்றால் வேறு என்ன நினைப்பாள்? 'ஒரே குடும்பம்' என்ற வார்த்தையைப் பார்த்தாவது உஷாராகியிருக்கலாம்; குடும்பம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா! ஆனால் ஆசை கண்ணை மறைத்தது. லேப்டாப்பையும் மெத்தைத் துண்டையும் சுருட்டிக்கொண்டு மேலே ஓடினாள். கதவைச் சாத்தினாள். முதுகு வைத்த நாற்காலியில், ஜன்னலோரம், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம் ராணி மாதிரி தட்டினாள்.

"நோயாளிக்கு உடனடியாக" என்றார் ஒரு டாக்டர். அதற்கு மேல் சத்தமே இல்லை.

உடனடியாக என்ன? அவள் ஒன்பது படி இறங்கி ஓடினாள். ஏழாவது படியில் போனைப் பிடித்தாள். மஞ்சள் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் கம்பெனியின் பெயர் இருந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். தண்ணீர்த்தொட்டி மேல் இரண்டு பேர் கோபுரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இணைந்தது கம்பியும் வீடும் இல்லை. கம்பெனியும் கம்பெனியும்! பச்சை மஞ்சளை வாங்கிவிட்டது. ஒரே குடும்பத்துக்கு எதற்கு இரண்டு கோபுரம் என்று ஒன்றை இறக்குகிறார்கள். இந்தக் கல்யாணத்துக்கு அனுமதி கொடுத்ததும் அதே ஆணையம்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

சூப்பர்வைசர் நல்லவர்தான், நோயாளியை வேறு ஆள் பார்த்துக்கொண்டாராம். ஆனால் மூன்று என்றால் மூன்று. "மாசக் கடைசி வரைக்கும் சீட்டை வச்சிருக்கேன்மா. அதுக்குள்ள அறாத லைன் ஒண்ணு காட்டுங்க. வீட்லயோ, படியிலயோ, எனக்குக் கவலையில்ல. இல்லன்னா மன்னிச்சுக்குங்க."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் லேப்டாப் இல்லை, காதில் வளையம் இல்லை. கடைக்குப் போய்த் திரும்பிய செக்ரட்டரி அவளைப் பார்த்து நின்றார். ஹெட்போன் இல்லாத ஹெட்போனை அவர் பார்த்ததே கிடையாது. என்னவென்று கேட்டார், சொன்னாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு எட்டாவது படியில் உட்கார்ந்தார். அட்டையில் பை வைக்காதீர் என்று எழுதியிருந்தது நினைவு வந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தீர்ப்பை எடுத்துட்டு வா" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார். கடைசி வரியில் பென்சில் நின்றது.

"'மாற்றுக் கம்பெனியின் சேவை தொடர்ந்து கிடைப்பதை எதிர்த்தரப்பு இரண்டு உறுதி செய்ய வேண்டும்.' எதிர்த்தரப்பு இரண்டு யாரு?"

"சங்கம்."

"சங்கம்னா யாரு?"

"நீங்கதான் மாமா."

"இப்ப ஏழாவது படியில மாற்று கிடைக்குதா?"

"கிடைக்கல."

"அப்போ உத்தரவை மீறினது யாரு?"

"நீங்கதான்."

"நானேதான்!" என்று செக்ரட்டரி துள்ளி எழுந்தார். பையிலிருந்து வெங்காயம் படிப்படியாக உருண்டு இரண்டாம் மாடிக்குப் போனது. "லேப்டாப்பைக் கொண்டு வாம்மா. எழுது. 'எதிர்த்தரப்பு இரண்டாகிய நான் ஆணையத்தின் உத்தரவை மீறிவிட்டேன் என்பதை இதன் மூலம் புகார் செய்கிறேன்.'"

"உங்க மேல நீங்களே புகாரா?"

"சொன்னதை எழுது."

எழுதினாள். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரின் வில்லங்கத்தைப் பதிவு செய்தவர், முதல் தடவையாகத் தன் வில்லங்கத்தைத் தானே பதிவு செய்தார். தன் கம்பெனி, தன் ஒப்பந்தம், தன் ஐந்தாவது பாரா என்று ஆறு வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனுஷன். அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை ஒரு தடவை மூடி, மறுபடி திறந்துதான் கையெழுத்துப் போட்டார். மருமகள் அதைப் பார்த்தாள்.  காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

ஜனங்கள் கொடுக்கும் புகார் ஆணையத்தில் நடந்து போகும். தன் உத்தரவை எவனோ மீறிவிட்டான் என்ற புகார் ஓடும். பதினோராம் நாள் பதில் வந்துவிட்டது. கண்டிப்பான பதில். எதிர்த்தரப்பு இரண்டுக்கு எச்சரிக்கை. பத்து நாளுக்குள் ஏழாவது படியில் வேறொரு கம்பெனியின் சேவை வந்தாக வேண்டும். ஒப்பந்தத்தின் ஐந்தாவது பாரா "மேற்படி படி அளவில்" செல்லாது.

எச்சரிக்கை வாங்கியவர் அதைக் கட்டடம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஊதாக் கம்பெனி ஆள் ஒருவர் கம்பிச் சுருளோடு வந்தார். படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கம்பி உள்ளே நுழைந்தது. ஆறு வருடத்தில் முதல் அந்நியக் கம்பி. கட்டடமே வேடிக்கை பார்த்தது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு லைன்மேனும் வந்து நின்றார். டெய்லர் அக்காவின் இன்ச் டேப்பை இரவல் வாங்கி, ஏழாவது படியின் இரண்டு ஓரத்திலும் சாக்பீஸால் கோடு கிழித்தார்.

"இதுக்குள்ள நிக்கணும். ஒரு விரக்கடை தாண்டினாலும் எங்க கம்பெனி விடாது."

ஊதாக் கம்பெனி ஆள் பெட்டியைச் சுவரில் திருகினார். பச்சை விளக்கு எரிந்தது. ஹெட்போன் செருகிப் பார்த்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. அண்ணாந்து தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். ஒன்பது படி.

"மாமா, ஒன்பது படிதானே. கொஞ்சம் மேல இழுத்துவிட்டா…"

செக்ரட்டரி ஆணையத்தின் எச்சரிக்கைக் கடிதத்தைப் பிரித்தார். அவருக்கும் ஆசைதான்; முகத்திலேயே தெரிந்தது. பென்சில் "மேற்படி படி அளவில்" என்பதற்குக் கீழே வந்து நின்றது.

"அது உத்தரவை மீறினதா ஆயிடும்மா" என்று கடிதத்தை மடித்தார்.

வை-ஃபை இருக்கிறதே என்பீர்கள். பார்த்தாள். நடுவில், லிஃப்டே வராத லிஃப்ட் கூண்டின் கனத்த சுவர். அலை வாசல் மிதியடி வரை வந்து களைத்துப் போனது. தானே ஒரு கம்பி வாங்கி இழுக்கலாம் என்றால் திங்கட்கிழமைதோறும் லைன்மேன் வந்து கோட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். சூப்பர்வைசருக்கு லைன் பிடித்துவிட்டது. சீட் நிலைத்தது. அவளும் அந்தப் படியில் நிலைத்துப்போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடலாம். லைன்மேனுக்குக் கல்யாணமாகிவிட்டது. பெண் யார் என்கிறீர்கள்? கம்பெனிப் போனில் தேன் மாதிரிப் பேசும் அதே எழுபத்திரண்டு மணி நேரம்தான். பெண் கேட்டுப் போனபோது சம்மதம் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டாளாம். டெய்லர் அக்கா சொன்னது, எவ்வளவு உண்மையோ. அதிகாரியம்மா ஆணையத்தை விட்டு விலகி, பச்சைக் கம்பெனியில் ஆணையத்துக்குப் பதில் எழுதும் பிரிவுக்குப் போய்விட்டார். அடுத்த தெருவின் மூணு கம்பி வீட்டுக்கு டெய்லர் அக்காவே குடிபோனார். அவருக்கு ஒரு கம்பிகூடத் தேவையில்லை. துணி காயப்போடத்தான் வசதி என்கிறார்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் செக்ரட்டரியைத் தன்னோடு அழைத்துக்கொள்வதாக முடிவானது. இனி அப்பா தனியாக இருப்பாரே என்று புருஷன் சொல்ல முடியாது. ஹெட்போன் அன்று மாலையே அடுத்த சந்தில் வேறொரு வீடு பார்த்து வைத்தாள். ஆனால் மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்தினம் மாமனார் சங்கக் கூட்டத்தைக் கூட்டி, "மேற்படி ஏழாவது படியில் எந்நேரமும் ஆள் இருப்பதை முன்னிட்டு" அவளையே புதிய செயலாளராகத் தீர்மானம் போட்டுவிட்டார். பதினாறு வீடும் கை தூக்கியது. கூட்டத்துக்கு வராதவர்களின் கணக்குக்கு அவள் மடியில் கிடந்த சாவிகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"செக்ரட்டரி எப்படி வீட்டை விட்டுப் போறது?" என்றார் புருஷன்.

மனுதாரரும் இப்போது அவள்தான், எதிர்த்தரப்பு இரண்டும் அவள்தான். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் எட்டு மாதம் இருக்கிறது. மாமனார் வாரத்துக்கு ஒரு தடவை போன் பேசுகிறார். மகள் வீட்டு வாசலில் நாலு கம்பெனிக் கம்பி தொங்குகிறதாம்.